படிப்பு முடிந்தது, கையில் 1,500 யூரோ... ஊர் திரும்பும் முன் ஐரோப்பாவைத் தனியாகச் சுற்ற முடியுமா?

“தீசிஸ் குடுத்தாச்சுங்ளா கண்ணு? எப்ப வர்றே?”

“குடுத்தாச்சும்மா. ஒரு ரெண்டு, மூணு வாரம் அப்படியே நாலு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வரேன்மா.”

“யாரு கூட?”

“தனியாத்தான்.”

அதன்பிறகு ஒரு சின்ன மௌனம். போன் அப்பாவின் கைக்கு மாறும். “அம்மிணி, லோன் வேற இருக்குதல்லோ...”

ஜெர்மனி, பிரான்ஸ், அயர்லாந்து, இங்கிலாந்து என்று மேற்படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் ஏறக்குறைய இப்படித்தான் இந்தப் பேச்சு நடக்கிறது. பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் நிற்பது இரண்டே விஷயங்கள்: பணம், பேப்பர். இந்த இரண்டையும் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டால், அப்பாவுக்குப் பதில் சொல்வது சுலபம்.

ஒரு கணக்குக்காக, ஈரோட்டிலிருந்து போய் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எம்.எஸ் முடித்த 24 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பகுதி நேர வேலையில் மிச்சம் பிடித்த 1,500 யூரோ அவர் கையில் இருக்கிறது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஒன்றரை லட்சம். ஜெர்மனியில் 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதாவது இந்தப் பணம் கிட்டத்தட்ட 108 மணி நேர உழைப்பு. இதைக் கல்விக் கடனில் மிஞ்சிய தொகையிலிருந்தோ, கிரெடிட் கார்டிலிருந்தோ எடுப்பதாக இருந்தால் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சொந்த உழைப்பில் சேர்த்ததென்றால் மேலே படிக்கலாம்.

வீட்டு வாடகைக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வரும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். வேண்டாம். ஜெர்மனியில் அந்தப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பயணம் முடிந்து, ஊருக்கே வந்து சேர்ந்த பிறகுகூட வரலாம். கணக்கில் இல்லாத பணமாகவே அது இருக்கட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் தேதி

மேப்பைத் திறப்பதற்கு முன்னால், பர்ஸில் இருக்கும் குடியிருப்பு அனுமதி அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷெங்கன் நாடு ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்கள் வரை அங்கே சுற்றலாம். 2023ல் குரோஷியா சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. மொத்தம் 29 நாடுகள். அயர்லாந்தும் இங்கிலாந்தும் இதில் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், படிப்பு முடியும் நேரமும் அட்டை முடியும் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில். ஜெர்மனியில் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். ஆனால், பழைய அட்டை காலாவதியாவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். புது அட்டை வரும்வரை கையில் கிடைப்பது ஒரு தற்காலிகக் காகிதம். அதை நம்பி எல்லை தாண்டலாமா என்பது, அதில் எந்தச் சட்டப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பிரிவில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஆகவே, பழைய அட்டை உயிரோடு இருக்கும்போதே போய்வந்துவிடுவதுதான் நிம்மதி.

இங்கிலாந்தில் படித்தவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அவர்கள் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறொன்று: ஷெங்கனைவிட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகும் இங்கிலாந்து விசா மூன்று மாதமாவது செல்ல வேண்டும் என்று பல தூதரகங்கள் கேட்கின்றன. ஓராண்டு முதுகலை முடித்தவருக்கு, படிப்பு முடிந்த பின் கிடைப்பதே பொதுவாக நான்கு மாதம். கழித்துப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், கையில் எஞ்சுவது ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும், பயணமும் முடிய வேண்டும். தீசிஸ் எழுதும்போதே விண்ணப்பிப்பதுதான் வழி.

விசாவில் வருபவர்கள் கூடுதலாக ஒரு நாள் தங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற காலமும் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படத்துடன் நுழைவையும் வெளியேற்றத்தையும் கம்ப்யூட்டரே பதிவுசெய்யும் முறை ஷெங்கன் எல்லைகளில் வந்திருக்கிறது. முன்பு முத்திரையைத் தேடி எண்ணினார்கள். இப்போது கம்ப்யூட்டர் எண்ணுகிறது.

ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்று நம்பி பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவதும் ஆபத்து. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ப்ராகிலிருந்து வரும் பேருந்தை நடுவழியில் நிறுத்தி போலீஸ் ஏறினால், போனில் இருக்கும் போட்டோ காப்பி உதவாது. அசல் அட்டை, அசல் பாஸ்போர்ட் இரண்டும் வேண்டும்.

1,500 யூரோ எப்படிச் செலவாகும்?

ஈரோட்டுப் பெண்ணின் பாதை இப்படி இருக்கட்டும். ட்ரெஸ்டனிலிருந்து ப்ராக் மூன்று இரவு, புடாபெஸ்ட் மூன்று, வியன்னா இரண்டு. அங்கிருந்து இரவு ரயிலில் ரோம். ரோமில் மூன்று, ஃப்ளோரன்ஸில் இரண்டு. பக்கத்தில் இருக்கும் பீசாவிலிருந்து விமானத்தில் பாரிஸ், அங்கே மூன்று. கடைசியாக லக்சம்பர்க் ஓர் இரவு. மொத்தம் 18 இரவு. அதில் ஓர் இரவு ரயிலிலேயே கழிந்துவிடும்.

சுவிட்சர்லாந்து எங்கே என்று தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த எவரும் கேட்பார்கள். பனிமலை டூயட்டுக்கு 1,500 யூரோ தாங்காது. அதைத் தேனிலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குப் பக்கம் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ப்ராகிலும் புடாபெஸ்டிலும் ஹாஸ்டல் படுக்கை சுமார் 20 யூரோவுக்குக் கிடைக்கும். பாரிஸில் அதுவே 45ஐத் தொடும். எந்த ஊரில் எத்தனை இரவு என்பதுதான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கிறது. 17 இரவுக்கும் சேர்த்துப் படுக்கைக்கு 530 யூரோ வைக்கலாம். ஊருக்கு ஊர் போக, இரவு ரயிலின் படுக்கை உட்பட, 285. ஜெர்மனிக்குள் மாதச் சீட்டு 63. உள்ளூர் மெட்ரோ, டிராம் 90. சாப்பாடு நாளைக்கு 17 என்றால் 306. நுழைவுக் கட்டணங்களுக்கு 80. இத்தாலி போன்ற இடங்களில் இரவுக்கு இவ்வளவு என்று ஹாஸ்டலிலேயே கேட்டு வாங்கும் நகர வரிக்கு ஒரு 30. கூட்டினால் 1,384. மிச்சம் 116 யூரோ.

இவையெல்லாம் தோராயக் கணக்கு. ஜூலை, ஆகஸ்டில் ஏறும். முன்கூட்டியே பதிவுசெய்தால் இறங்கும். ஆனால் ஒன்று. 116 யூரோவை அவசர நிதி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒரு கடைசி நேர டிக்கெட் எடுத்துத் திரும்பி வருமளவுக்கு, குறைந்தது 300 யூரோ வேறொரு கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஃப்ளோரன்ஸையும் ரோமில் ஓர் இரவையும் வெட்டுங்கள். அவசர நிதியை வெட்டாதீர்கள்.

ரயிலா, பேருந்தா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. இன்டர்ரெயில் பாஸ் ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்று நினைத்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கான யூரெயில் பாஸைத் தேடுகிறார்கள் நம் மாணவர்கள். ஐரோப்பாவில் சட்டப்படி குடியிருப்பவர்களும் குடியிருப்புச் சான்றோடு இன்டர்ரெயில் வாங்கலாம். 27 வயது வரை இளையோர் சலுகையும் உண்டு. ஆனால் அதிவேக ரயில்களுக்கும் இரவு ரயில்களுக்கும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது பாஸை வாங்கிய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. மேலே சொன்ன பாதைக்கு, ஒரு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுத்தால் பாஸைவிடக் குறைவாகவே முடிய வாய்ப்பு அதிகம். நினைத்த நாளில் நினைத்த ஊர் என்று திரிபவர்களுக்குத்தான் பாஸ்.

மலிவு விமானங்களின் கணக்கையும் முழுசாகப் போட வேண்டும். ‘பாரிஸ்’ என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். இறங்குவது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் போவேயில். அங்கிருந்து நகரத்துக்குள் வரும் பேருந்துக்குத் தனிக் கட்டணம். இலவசமாக அனுமதிக்கும் பை இருக்கைக்கு அடியில் நுழையும் அளவுதான். கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் கேட்டில் பிடுங்கும் கட்டணம் டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கலாம். இன்னொன்று, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் செக்-இன் முடித்திருந்தாலும், சில நிறுவனங்களில் விமான நிலைய கவுன்ட்டரில் ஆவணங்களைக் காட்டிவிட்டுத்தான் கேட்டுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் நேராகக் கேட்டுக்குப் போய் திருப்பி அனுப்பப்பட்டு, விமானத்தைத் தவறவிடக் கூடாது.

அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலும் ஆவக்காயும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகத்தான் கருதப்படும். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் இருந்தால் பெரும்பாலான விமான நிலையங்களில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். பருப்புப் பொடிக்கு அந்தப் பிரச்னை இல்லை.

அட்டை என்கிற இலவசச் சீட்டு

ஊருக்கு வந்து சம்பாதித்துப் பிறகு நிதானமாகப் போகலாமே என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது. சரிதான். ஆனால் அப்போது விசாக் கட்டணம், போக வர விமானம், மூன்று வார லீவு என்று எல்லாமே புதிதாகச் சேரும். மாணவராக அங்கேயே இருக்கும்போது கிடைப்பதும் அப்போது கிடைக்காது.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு அங்கே கட்டணம் 32 யூரோ. ஆனால், அந்தப் பகுதியில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். குடியுரிமை தேவையில்லை, குடியிருப்பு போதும். ட்ரெஸ்டன் அட்டையைக் காட்டி நம் ஈரோட்டுப் பெண் மோனலிசாவைக் காசில்லாமல் பார்த்துவிடலாம். நேரத்தை மட்டும் ஆன்லைனில் பதிவுசெய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இதே அட்டை ரோமில் கொலோசியத்தில் செல்லாது. அங்கே 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். ஆனால், மாதத்தின் முதல் ஞாயிறன்று இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் எல்லோருக்கும் இலவசம். கூட்டம் திருவிழா மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

லக்சம்பர்க்கில் 2020லிருந்து பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எதற்கும் டிக்கெட் கிடையாது. நாடு முழுக்க இலவசம். ரோமின் தெருமுனைக் குழாய்களில் நாளெல்லாம் குடிநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டில் இருந்தால் போதும். இத்தாலியில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நம்மூர் டீக்கடைப் பழக்கம் அங்கே காசு மிச்சப்படுத்தும்.

சாப்பாட்டுக்கு நாளைக்கு 17 யூரோ என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஹாஸ்டல் சமையலறைதான் இதற்குப் பதில். முன்பு தங்கிப் போனவர்கள் விட்டுச்சென்ற அரிசி, பாஸ்தா, உப்பு, எண்ணெய் எல்லாம் ஒரு அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ப்ராகிலும் வியன்னாவிலும் மதியச் சாப்பாட்டு மெனு இரவைவிடக் கணிசமாகக் குறைவு. ஆக, மதியம் வெளியே, இரவு ஹாஸ்டலில் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். 15வது நாள் சோற்றுக்கு நாக்கு ஏங்கும்போது சரியாகப் பாரிஸ் வந்திருக்கும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி என்று தமிழிலேயே ஆர்டர் கொடுக்கலாம்.

“தனியாவா?”

அம்மாவின் அந்த ஒற்றைச் சொல் கேள்விக்கு வருவோம்.

இளைஞர் விடுதி என்ற யோசனையே ஜெர்மனியில் பிறந்தது. 1909ல் மாணவர்களோடு நடைப்பயணம் போன ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய இரவில் தோன்றியது அது. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிக்கொள்ளலாமே என்று நினைத்தார். பிறகு அல்டெனா என்ற ஊரின் கோட்டையில் விடுதி திறந்தார். இன்றைய ஹாஸ்டல்களில் தனியாக வருபவர்கள்தான் ஏராளம். சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதே மறுநாளைக்குத் துணை கிடைத்துவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல ஹாஸ்டல்களில் உண்டு. மூன்று, நான்கு யூரோ கூடினாலும் அதையே எடுக்கலாம். லாக்கருக்குப் பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஓர் இரவு வாடகை மிச்சம் என்று, விடிகாலை நான்கு மணிக்கு முன்பின் தெரியாத பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும் வண்டியில் ஏறுவது தப்புக் கணக்கு. அந்த 20 யூரோவை நிம்மதியாகச் செலவழிக்கலாம். புது ஊருக்குள் வெளிச்சத்தில் நுழையுங்கள். இன்ஸ்டாவில் போட்டோ போடுவதை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவுக்கு லைவ் லொகேஷன் போகட்டும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் இருப்பார் என்பது வேறு விஷயம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112, கட்டணமில்லாதது. ஜெர்மன் சிம் 2017லிருந்து ஒன்றிய நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி வேலை செய்கிறது. சுவிட்சர்லாந்து அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ரயில் அந்த நாட்டின் வழியாகப் போனால்கூட டேட்டாவை அணைத்துவையுங்கள். மருத்துவக் காப்பீட்டிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் இருக்கும் ஐரோப்பிய மருத்துவ அட்டை மற்ற ஒன்றிய நாடுகளில் அவசர சிகிச்சைக்கு உதவும். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு அது டென்மார்க், நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளில் செல்லாது. பல்கலைக்கழகப் பதிவு முடிந்ததும் மாணவர் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தனிப் பயணக் காப்பீடு பெரிய செலவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது ஜேப்படிக்குத்தான். ரோம் மெட்ரோவும் ஈஃபிள் கோபுரத்தடியும் அதற்குப் பேர்போனவை. பணம் போனால் போகட்டும். பாஸ்போர்ட் போனால் பயணமே முடிந்துவிடும். இந்தியத் தூதரகம் அவசரமாகக் கொடுக்கும் சான்றிதழ் இந்தியா திரும்புவதற்கான ஒருவழி ஆவணம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பாதியில் விட்ட பயணத்தைத் தொடர முடியாது. ட்ரெஸ்டனில் காத்திருக்கும் அறைக்கும் வேலை நேர்காணலுக்கும் திரும்புவதும் பெரும்பாடாகிவிடும். சட்டைக்குள் கட்டும் பை அழகாக இருக்காது. இருந்தாலும் கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், அட்டை இரண்டின் ஸ்கேன் மெயிலில் ஒன்று, அப்பாவின் வாட்ஸ்அப்பில் ஒன்று இருக்கட்டும்.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது “உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?” என்று கனிவாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்த வேண்டும். செக் கொருனாவிலும் ஹங்கேரி ஃபோரின்ட்டிலுமே எடுங்கள். அந்தக் கனிவுக்குக் கட்டணம் உண்டு.

இனி அறை. வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு முன் பயணமா, பின்னா? முன்பென்றால் ஆளில்லாத அறைக்கு 18 நாள் வாடகை. பின்பென்றால் 23 கிலோ பெட்டிகள் இரண்டை எங்கே வைப்பது? பெரும்பாலானோர் கண்டுபிடிக்கும் வழி, நண்பரின் வீட்டு நிலவறை. ஜெர்மன் வீடுகளில் அது இருக்கும். அவருக்குப் பாரிஸிலிருந்து ஏதாவது வாங்கிவந்தால் போதும். அறையைக் காலிசெய்தாலும் வங்கிக் கணக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். முன்பணம் அதில்தான் வர வேண்டும்.

கடைசி நாள். லக்சம்பர்க்கிலிருந்து எல்லை வரை ரயில் இலவசம். எல்லையிலிருந்து ட்ரியர் வரையும், அதற்கு மேலும் 63 யூரோ மாதச் சீட்டு போதும். அதிவேக ரயிலில் ஏற முடியாது. பிராந்திய ரயில்களை மாற்றி மாற்றி, ஜெர்மனியின் மேற்கிலிருந்து கிழக்கு ஓரம் வரை ட்ரெஸ்டன் போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆகும். ஓர் இணைப்பைத் தவறவிட்டால் இரவு. ஃபிராங்க்ஃபர்ட் தாண்டும்போது அம்மா போன் செய்வார்.

“எங்க இருக்கே கண்ணு?”

“வந்துட்டே இருக்கேன்மா. கையில இன்னும் 40 யூரோ மிச்சம் இருக்கு.”